பச்சைச் சான்றிதழும் மாத்தளையின் கூரைகளும்

தம்புள்ளைக் குகைகளிலும் அலுவிகாரையிலும் பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு விளிம்பு வெட்டப்பட்டிருக்கிறது. பாறை முகத்தில் வழிந்துவரும் மழைநீர் அந்த விளிம்பில் அறுபட்டு நேரே கீழே சொட்டிவிடும். உள்ளே இருப்பவர்களுக்கு ஈரம் தட்டாது. கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளிலேயே இலங்கையின் குகை வாழிடங்களில் இது வழக்கத்துக்கு வந்துவிட்டது. விளிம்பின் அடியில் கொடையாளியின் பெயரைப் பிராமி எழுத்தில் பொறித்துவைப்பதும் உண்டு. மழை எங்கிருந்து வருகிறது, எப்படி ஓடும் என்று பார்த்துவிட்டுக் கட்டிய கைகள் அவை. இன்று அதே மாத்தளை மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகமோ வைத்தியசாலையோ பாடசாலையோ எழும்புகிறது. அது சுற்றாடலுக்கு உகந்த கட்டடமா என்பதை யார் பார்க்கிறார்கள், எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு மாவட்டத்துக்குள்ளேயே ஒரு பழைய வழக்கு இருக்கிறது. அது அரசாங்கக் கட்டடம் அல்ல, ஹோட்டல். ஆனாலும் பசுமைத் தரம் என்ற பேச்சில் இலங்கையே முதலில் அறிந்த கட்டடம் அதுதான்: தம்புள்ளைக்கு அருகே கண்டலமக் குளத்தின் மேலே, கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1994இல் திறக்கப்பட்ட கண்டலம ஹோட்டல். அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் லீட் சான்றிதழை, அமெரிக்காவுக்கு வெளியே முதலில் பெற்ற ஹோட்டல் என்று அது பேசப்படுகிறது. 2000இல் கிடைத்தது வெண்கலத் தரம். லீட் முறை அப்போது முன்னோடிப் பதிப்பில்தான் இருந்தது. அடுத்த பதிப்பில் வெண்கலம் என்ற படியே எடுக்கப்பட்டுவிட்டது.

சான்றிதழுக்கு முன்னால் நடந்தவை முக்கியமானவை. ஹோட்டலைக் கட்டுவித்த எயிட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் முதலில் யோசித்த இடம் சீகிரியாவுக்குப் பக்கத்தில். பாவா அதை ஏற்கவில்லை. சீகிரியாக் குன்றைத் தூரத்தில், குளத்துக்கு அப்பால் பார்க்கும்படியான ஒரு பாறைச் சரிவைத் தேர்ந்தார். 1992இல் திட்டம் வெளியே தெரிந்ததும் எதிர்ப்புக் கிளம்பியது. தம்புள்ளை விகாரையின் பிக்குகளும் ஊர் மக்களும் சுற்றாடல் அமைப்பினரும் சேர்ந்து ஊர்வலம் போனார்கள். புனித பூமிக்கு அருகே உல்லாசப் பயணிகளின் பழக்கவழக்கங்கள் என்ன செய்யும் என்பது ஒரு கவலை. ஹோட்டலின் கழிவுநீர் எங்கே போகும் என்பது இன்னொன்று. குளத்து நீரில் வயல் செய்கிறவன் கேட்கவேண்டிய கேள்வி அது. அந்தக் குளம் கலா ஓயாப் படுகையைச் சேர்ந்தது. அதில் கலப்பது அங்கேயே நின்றுவிடாது.

இந்தக் கேள்வியைக் கேட்பதற்குச் சட்டத்தில் முறையான இடம் அன்று திறந்திருக்கவில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தில், சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுக்கான பகுதி 1988 திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. ஆனால் எந்தெந்தத் திட்டங்களுக்கு அது கட்டாயம் என்ற பட்டியல் வர்த்தமானியில் வந்தது 1993 ஜூன் 24 அன்றுதான். 99 அறைகளுக்கு மேற்பட்ட ஹோட்டல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கண்டலமவில் 152 அறைகள். ஓர் ஆண்டு பிந்தி முன்மொழியப்பட்டிருந்தால், அதன் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, எதிர்ப்பாளர்கள் எழுத்தில் கேட்டதற்கு எழுத்தில் பதில் வந்திருக்கும். வீதியில் இறங்கித்தான் கேட்கவேண்டும் என்ற நிலை இருந்திராது.

பிறகு எழும்பிய கட்டடம் அந்த எதிர்ப்பைக் கவனத்தில் எடுத்துக்கொண்ட கட்டடம் என்றே நான் நினைக்கிறேன். கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர் நீளத்துக்குப் பாறையை ஒட்டி வளைந்து போகிறது. பெரும்பகுதி தூண்களில் நிற்பதால், மலையிலிருந்து இறங்கும் மழைநீர் அடியால் தன் பாட்டுக்குக் குளத்துக்குப் போகிறது. பாறையை உடைத்துத் தட்டையாக்கவில்லை. தாழ்வாரங்களுக்குள்ளேயே பாறை துருத்திக்கொண்டு நிற்கிறது. தட்டைக் கூரைகளில் மண் போட்டுச் செடி வளர்த்தார்கள். வெளிப்பக்கத்து மரச் சட்டங்களில் கொடிகள் ஏறி, இன்று அக்கரையிலிருந்து பார்த்தால் கட்டடம் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. அறைகளுக்குள் குளிரூட்டி இருக்கிறது. நடைபாதைகளும் கூடங்களும் திறந்தவை, காற்றுக்கே விடப்பட்டவை. உலர் வலயத்தில் இவ்வளவு பெரிய கட்டடத்தின் பொது இடங்களைக் குளிரூட்டாமல் விட்டது, என் கணிப்பில், அதன் எல்லாப் பசுமை அம்சங்களிலும் பெரியது.

சான்றிதழ் கிடைத்த காலத்தையும் கவனிக்கவேண்டும். கட்டடம் திறந்து சுமார் ஆறு ஆண்டுகள் ஓடிய பின்னரே அது வந்தது. வரைபடத்துக்குக் கொடுத்த புள்ளி அல்ல, ஓடிக்கொண்டிருந்த கட்டடத்துக்குக் கொடுத்தது. இன்று பெரும்பாலான பசுமைச் சான்றுகள் இதற்கு நேர்மாறாக, கட்டடம் திறக்கப்படும் நாளைச் சுற்றியே கிடைத்துவிடுகின்றன. சுவரில் பலகை ஏறிவிடும். அதன் பின் மின்கட்டணத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

புள்ளிமுறைகள் இயங்கும் விதத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். 1990இல் பிரித்தானியாவின் பிரீம் முறை முதலில் வந்தது, 1998இல் லீட். லீட்டின் நான்காம் பதிப்பில் மொத்தம் 110 புள்ளிகள். 40 எடுத்தால் சான்று, 50க்கு வெள்ளி, 60க்குத் தங்கம், 80க்குப் பிளாட்டினம். அந்த 110இல் வலு தொடர்பானவை 33, நீர் 11. அமெரிக்க நகரத்து அலுவலகத்துக்கு இந்த நிறை சரியாக இருக்கலாம். மாதக்கணக்கில் மழை பொய்க்கும் கலேவெலவிலோ தம்புள்ளையிலோ ஓர் அரசாங்கக் கட்டடத்தை மதிப்பிடும்போது நீருக்குப் பத்தில் ஒரு பங்குதான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வட்டார முன்னுரிமைக்கென்று நான்கு புள்ளிகள் ஒதுக்கியிருக்கிறார்கள், அது போதாது.

புள்ளிக்கும் நடைமுறைக்கும் இடையிலான தூரத்தை அளந்தவர்களும் உண்டு. 2009இல் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்து ஆய்வாளர் நியூஷமும் சகாக்களும் லீட் சான்று பெற்ற கட்டடங்களின் உண்மையான வலுப் பாவனையைச் சாதாரணக் கட்டடங்களோடு சோடிசேர்த்து ஒப்பிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் சான்று பெற்றவை சதுர அடிக்கு 18 முதல் 39 வீதம் வரை குறைவாகச் செலவழித்தன. ஆனால் தனித்தனியே பார்த்தபோது, அவற்றில் 28 முதல் 35 வீதமானவை தங்கள் சோடிக் கட்டடங்களைவிடக் கூடுதலாகவே செலவழித்தன. சான்றிதழின் படி உயர்ந்தால் செலவு குறையும் என்பதற்கும் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. ஆக, சான்றிதழால் பயன் இல்லை என்று சொல்லவும் இடமில்லை. ஒரு குறிப்பிட்ட கட்டடத்தை நம்ப அது மட்டும் போதும் என்று சொல்லவும் இடமில்லை.

தமிழ்நாட்டில் இதன் இன்னொரு முகம் தெரிந்தது. சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் எழும்பிய புதிய சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகம் 2010 மார்ச் 13 அன்று திறக்கப்பட்டது. பசுமைக் கட்டடமாகவே திட்டமிடப்பட்டு லீட் தங்கத் தரம் பெற்ற சட்டமன்றக் கட்டடம் அது. 2011இல் ஆட்சி மாறியதும் சட்டமன்றம் ஜார்ஜ் கோட்டைக்கே திரும்பியது. 2014இல் அந்த வளாகம் பன்னோக்கு மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. மருத்துவமனை மக்களுக்குப் பயன்படுகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பகலில் சில மணிநேரம் கூடும் மன்றத்துக்கும், இரவு பகலாக இயங்கும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் மின்சாரமும் நீரும் கழிவும் வேறு வேறு. பொதுக் கட்டடங்களின் பயன்பாடு அரசியலோடு மாறும். ஒரு தடவை கொடுத்த தரம் அந்த மாற்றத்தைத் தாங்கி நிற்குமா என்பது இலங்கையிலும் கேட்கவேண்டியதே.

இலங்கைக்கென்று தரங்கள் இல்லாமல் இல்லை. இலங்கைப் பசுமைக் கட்டட மன்றம் கிரீன்-எஸ்.எல். என்ற புள்ளிமுறையை உருவாக்கியிருக்கிறது. வலு, நீர், இடம், பொருட்கள், உட்சூழல் என்ற வழக்கமான பிரிவுகளோடு, சமூக, பண்பாட்டு விழிப்புணர்வு என்று ஒரு பிரிவும் அதில் உண்டு. 1992இல் கண்டலமவில் மக்கள் எழுப்பிய முதலாவது கவலைக்கு ஒரு தாளிலாவது இடம் கிடைத்தது இதில்தான். இந்தப் பிரிவை நான் மதிக்கிறேன். நகர அபிவிருத்தி அதிகாரசபை 2017இல் பசுமைக் கட்டட வழிகாட்டியை வெளியிட்டது. புதிய அரசாங்க, அரை அரசாங்கக் கட்டடங்கள் பசுமைச் சான்று பெறவேண்டும் என்ற கொள்கையும் அதையொட்டியே வந்தது. கட்டடங்களுக்கான வலுவினைத்திறன் நெறிக்கோவை 2000இல் தொடங்கி 2021 வரை திருத்தப்பட்டிருக்கிறது. மழைநீர் சேகரிப்பைக் கட்டடங்களில் கட்டாயமாக்கும் வகையில் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் 2007இல் திருத்தப்பட்டு, 2009இல் ஒழுங்குவிதிகள் வந்தன.

இடைவெளி எங்கே என்றால், அதிகாரசபையின் விதிகள் அது பிரகடனப்படுத்திய பகுதிகளுக்குள்ளேதான் செல்லும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுப் பட்டியலோ பெரிய திட்டங்களுக்கானது. சாதாரண அலுவலகக் கட்டடம் அதில் வராது. பழைய கட்டடங்களை இவற்றில் பல தொடுவதே இல்லை. தோட்டப் பாடசாலையும் கிராமத்து மருந்தகமும் எந்த வலையிலும் சிக்காமல் நழுவிப்போகின்றன. மாத்தளையின் பெரும்பாலான பொதுக் கட்டடங்கள் ஏற்கெனவே கட்டி முடிந்தவை. புதியவற்றுக்கு மட்டும் தரம் வைத்தால் கேள்வியின் பெரும்பகுதி அப்படியே கிடக்கும்.

மாவட்டத்தின் நிலமே ஒரே தரத்துக்கு அடங்காதது. சுமார் 2,000 சதுர கிலோமீற்றருக்குள் உலர், இடை, ஈர வலயங்கள் மூன்றும் வந்துவிடுகின்றன. வடக்கே தம்புள்ளையில் வெயிலே எதிரி. அங்கே மேற்கு நோக்கிய கண்ணாடிச் சுவர் வைத்த அலுவலகம், பிற்பகல் முழுக்க உள்ளே வந்த சூட்டை மின்சாரத்தால் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். நீண்ட தாழ்வாரம், வடக்கு-தெற்கு ஜன்னல், எதிரெதிர்த் திறப்பு, மர நிழல் ஆகியவற்றுக்குப் புள்ளிமுறை எவ்வளவு கொடுக்கிறது என்பதை வைத்தே நான் அந்த முறையை அளப்பேன். தெற்கே ரத்தோட்டை, உக்குவெல பக்கம் போனால் சரிவும் ஈரமும் முன்னுக்கு வருகின்றன. நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அதன் அடிவாரத்தில் மண் வெட்டி மட்டமாக்கும் ஒவ்வொரு கட்டடமும் கீழே இருப்பவர்களின் பாதுகாப்போடு சம்பந்தப்பட்டது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும் என்று 2011இல் சுற்றறிக்கை வந்தது. மாத்தளையும் அவற்றில் ஒன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை மலையகத்தைக் குலைத்துப்போட்டபோது மாத்தளை மாவட்டமும் தப்பவில்லை. மலைப்பக்கத்துக் கட்டடத்துக்கு முதல் பசுமைக் கேள்வி அது நிற்கும் சரிவைப் பற்றியது. கூரையில் எத்தனை சூரியப்படல்கள் போட்டாலும், வடிகால் இல்லாத வெட்டுமண்ணில் நிற்கும் பாடசாலைக்கு நான் எந்தத் தரமும் கொடுக்கமாட்டேன்.

கூரை என்றதும் பேசாமல் கடக்க முடியாதது அஸ்பெஸ்டஸ். மலையகத்தில் லயன்களிலும் பாடசாலைகளிலும் பழைய அரசாங்கக் கந்தோர்களிலும் அது எங்கும் இருக்கிறது. விலை குறைவு, துரு ஏறாது, தகரத்தைப்போல மழைச் சத்தம் காதை அடைக்காது. ஏழைகள் அதைத் தேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. நீல அஸ்பெஸ்டஸ் 1987இல் தடைசெய்யப்பட்டது, வெள்ளை தொடர்ந்தது. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிந்த முடிவு. இலங்கை படிப்படியாக அதை நிறுத்தத் தீர்மானித்து, 2018 தொடக்கத்திலிருந்து இறக்குமதியைக் கட்டுப்படுத்த இருந்தது. 2017 டிசம்பரில், ஒரு பொதியில் வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. இலங்கைக்கு அஸ்பெஸ்டஸ் அனுப்பும் முக்கிய நாடும் ரஷ்யாதான். சில நாட்களுக்குள் இலங்கை தன் கட்டுப்பாட்டை ஒத்திவைத்தது. தேயிலைத் தடையும் நீங்கியது. கொழுந்து பறிக்கிறவர்களின் உழைப்பைக் காப்பாற்ற, அவர்கள் தலைக்கு மேலிருக்கும் கூரை விலையாகிப்போனது. இதை எந்தப் புள்ளிமுறையிலும் பொருட்கள் என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியாக அடைத்துவிட முடியாது.

நடைமுறையில் செய்யவேண்டியது நுணுக்கமானது. உடையாமல், வர்ணம் பூசி, அசைக்கப்படாமல் இருக்கும் தகடு உடனே ஆபத்து தருவதில்லை. வெட்டும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் நுண்ணிழைதான் நுரையீரலுக்குள் போகிறது. பாடசாலைக் கூரையைப் பசுமையாக்குகிறோம் என்று பழைய தகட்டைச் சுத்தியலால் தட்டி இறக்கி, முற்றத்தில் குவித்துவைத்தால், இருந்த ஆபத்தைப் பிள்ளைகளின் மூச்சுக்குக் கொண்டுவந்தவர்கள் ஆவோம். நனைத்து, முழுத் தகடாக இறக்கி, மூடிக்கட்டி, குறித்த இடத்தில் புதைக்கவேண்டும். கேள்விப்பத்திரத்திலேயே அதற்கான பணமும் விதியும் இருந்தாலொழிய ஒப்பந்தக்காரர் செய்யமாட்டார். ஒரு பொதுக் கட்டடத்தின் புதுப்பிப்பை மதிப்பிடுகிறவர் முதலில் புரட்டவேண்டியது அந்தக் கேள்விப்பத்திரத்தைத்தான்.

தம்புள்ளையில் அண்மையில் வந்த கட்டடம் ஒன்று இந்த மதிப்பீட்டை வேறு பக்கம் இழுக்கிறது. இந்திய உதவியோடு அமைந்த, வெப்பநிலையும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட 5,000 மெற்றிக் தொன் விவசாயக் களஞ்சியம் 2025 ஏப்ரல் 5 அன்று திறந்துவைக்கப்பட்டது. வலுக் கணக்கை மட்டும் பார்த்தால் இப்படிப்பட்ட கட்டடம் எந்தப் பட்டியலிலும் கீழேதான் நிற்கும், குளிரூட்டல் ஓயாது. ஆனால் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு வரும் மரக்கறியும் வெங்காயமும் அழுகிப்போவதைப் பார்த்தவர்கள் வேறு கணக்கும் போடுவார்கள். அறுவடைக்குப் பின் இலங்கையில் மரக்கறி, பழங்களில் மூன்றிலொரு பங்கு வீணாகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அழுகிய ஒவ்வொரு மூட்டையோடும் அதை விளைவித்த மகாவலி நீரும் உரமும் லொறி எண்ணெயும் அழுகுகின்றன. ஆகவே களஞ்சியத்தின் மின்மானியோடு, அதனுள் காப்பாற்றப்பட்ட விளைச்சலின் எடையையும் ஆண்டுதோறும் எழுதவேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அது சுற்றாடலுக்கு நன்மையா என்று சொல்ல முடியும். அதே நாளில் தொடங்கிவைக்கப்பட்ட இன்னொரு திட்டம், 25 மாவட்டங்களிலும் 5,000 வணக்கத் தலங்களின் கூரைகளில் சூரியப்படல்கள் பொருத்துவது. கோயில் மண்டபத்துக்குப் பொருந்துவது பிரதேச செயலகத்துக்கும் பொருந்தும். கந்தோர் ஓடுவதே வெயில் நேரத்தில்தான்.

தரம் என்பது கட்டடத்தைத் தாங்கிப்பிடிக்கிறதா என்பதற்கு 2022 ஒரு பரீட்சை வைத்தது. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. ஜன்னல் திறக்க முடியாத, நடுவில் வெளிச்சம் புகாத அலுவலகங்களில் மின்பிறப்பாக்கிக்கு டீசல் இல்லாவிட்டால் உட்காரவே முடியாது. பழைய உயரக் கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள கட்டடங்களில் பகல் வேலை நடக்கும். மின்சாரம் இல்லாத ஒரு பகலில் கட்டடம் பயன்படுமா என்ற கேள்வியை இலங்கையின் எந்தப் பொதுக் கட்டட மதிப்பீட்டிலும் கட்டாயப் படியாக வைக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இவ்வளவையும் யார் அளப்பது? வெளிநாட்டுப் புள்ளிமுறை எதுவும் தேவையில்லாத ஒரு வழி பிற நாடுகளில் ஏற்கெனவே பரீட்சிக்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2008 அக்டோபரிலிருந்து, 1,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட பொதுக் கட்டடங்கள் தங்கள் உண்மையான வலுப் பாவனையைக் காட்டும் சான்றை வாசலில் மக்கள் பார்க்கும்படி மாட்டவேண்டும் என்றானது. 2015இல் அந்த எல்லை 250 சதுர மீற்றராக இறக்கப்பட்டது. இந்தியாவின் வலுவினைத்திறன் பணியகம் 2009இலிருந்து அலுவலகங்களுக்கு நட்சத்திரம் கொடுப்பதும், சதுர மீற்றருக்கு ஆண்டுக்கு எத்தனை அலகு என்ற உண்மைக் கணக்கை வைத்தே. வரைபடம் பேசாது, மின்மானி பேசும்.

மாத்தளையில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள். ஒவ்வொன்றின் மின்கட்டணமும் நீர்க்கட்டணமும் ஏற்கெனவே கணக்குப் பிரிவில் கோப்பாக இருக்கின்றன. தரைப்பரப்பு வரைபடத்தில் இருக்கிறது. ஒன்றை மற்றதால் வகுக்க ஒரு மாலைப்பொழுது போதும். வெளியிட மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம், பதிலையும் தமிழில் கேட்கலாம். கேட்கவேண்டியவை இவை: கடந்த மூன்று ஆண்டுகளின் மாதவாரி மின் அலகுகளும் நீர் அலகுகளும், மழைநீர்த் தொட்டி இருக்கிறதா, அது நிரம்புகிறதா, கழிவுநீர் எந்த ஓடையில் இறங்குகிறது, கூரை என்ன பொருள், கடைசியாக எப்போது யார் திருத்தினார்கள், இறக்கிய தகடுகள் எங்கே போயின, கட்டுவதற்கு முன் மண்சரிவு அறிக்கை எடுக்கப்பட்டதா, அதில் சொன்ன வடிகால் கட்டப்பட்டதா. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவைச் சொல்லவேண்டும்.